வட்டத்தை எத்தனையா வெட்டுறது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல கால்குலேட்டர் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்க எல்லாமே சுத்திச் சுத்தி கோணத்துலயே வந்து நிக்குது. சரி, இந்த தடவை வேற எதுவும் வேணாம், முழுக்க கோணத்தை எதுல அளக்குறோம்ங்கிற விஷயம்தான்.

கேள்வி: சார், சைன் 30 போட்டா அரை வரணும்னு புக்ல இருக்கு. என் கால்குலேட்டர்ல மைனஸ் 0.988-ன்னு வருது. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது, ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் எல்லாம் இல்லம்மா, அது சொல்றது நூத்துக்கு நூறு சரி, நீங்க கேட்டது ஒண்ணு, அதுக்கு விளங்கினது இன்னொண்ணு. ஸ்கிரீன் மேல மூலையில பொடி எழுத்துல டி, ஆர், ஜி மூணுல ஏதோ ஒண்ணு தெரியும் பாருங்க. உங்களுக்கு ஆர் இருக்கும். அப்படின்னா அது ரேடியன்ல இருக்கு, கோணத்தை அளக்குற இன்னொரு அளவு அது, விவரம் பின்னாடி வருது. நீங்க 30 டிகிரின்னு நினைச்சு அடிச்சதை அது 30 ரேடியன்னு எடுத்துக்கிச்சு. 30 ரேடியன்னா சாதாரண திருப்பம் இல்ல, நாலு முழுச் சுத்து சுத்தி முடிச்சு அஞ்சாவது சுத்துல முக்கால்வாசியைக் கொஞ்சம் தாண்டிப் போய் நிக்கிற கோணம். முக்கால் சுத்துல சைன் மைனஸ் 1. அதைக் கொஞ்சம் தாண்டினா மைனஸ் 0.988 வராம வேற என்ன வரும்?

ஜி மோடுல (இது மூணாவது அளவு, இதுவும் பின்னாடி வருது) இருந்தா அதே 30-க்கு 0.454 வரும். அதனால பரீட்சை ஹால்ல உட்கார்ந்ததும் முதல் வேலையா டேன் 45 அடிச்சுப் பாருங்க. சுத்தமா 1 வந்தா டிகிரி. 1.62 வந்தா ரேடியன், 0.854 வந்தா ஜி.

இதுல எனக்கே ஒரு கதை இருக்கு, சொல்லிடுறேன். புரோகிராம் எழுதக் கத்துக்கிட்ட புதுசுல ஸ்கிரீன்ல ஒரு கடிகாரம் வரைஞ்சேன். செகண்ட் முள்ளு ஒரு செகண்டுக்கு 6 டிகிரி நகரணும், அதனால 6, 12, 18-ன்னு அப்படியே சைனுக்குள்ள தள்ளிவிட்டேன். ஓடவிட்டா முள்ளு பின்னாடி போகுது! அதுவும் நிதானமா இல்ல, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி 22 செகண்டுக்கு ஒரு சுத்து. எங்கயோ மைனஸ் குறி மாறிப்போச்சுன்னு நெனச்சு பாதி ராத்திரி வரைக்கும் குறியை மாத்தி மாத்தி போட்டுப் பார்த்தேன், அப்பவும் முள்ளு தப்பான வேகத்துலதான் ஓடுச்சு. கடைசியிலதான் தெரிஞ்சுது, புரோகிராம் மொழிங்கள்ல, ஸ்ப்ரெட்ஷீட்லகூட, சைன்னா ரேடியன்தான், மோடு பட்டனே கிடையாது. 6 ரேடியன்னா 343.8 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுத்துக்கு 16 டிகிரி கம்மி. ஒவ்வொரு செகண்டும் முள்ளு முழுசா சுத்தி வந்து 16 டிகிரி முன்னாடியே நின்னுடுது, பார்க்கிற நமக்கு அது பின்னாடி 16 டிகிரி போன மாதிரி. பையால பெருக்கி 180-ஆல வகுத்ததும் முள்ளு ஒழுங்கா நடந்துச்சு.

கேள்வி: ஒரு வட்டத்துக்கு 360 டிகிரின்னு யார் முடிவு பண்ணது? 100-ன்னு வச்சிருந்தா எவ்வளவு சுலபம்!

பதில்: பாபிலோனியாக்காரங்க. அவங்க எண்ணினதே அறுபது அறுபதாத்தான். வானத்துல சூரியன் ஒரு வருஷத்துல சுத்தி வர்ற பாதையை 12 பங்கா பிரிச்சு ஒவ்வொரு பங்கையும் 30 ஆக்கினாங்க, மொத்தம் 360. சூரியன் ஒரு சுத்து வர 365 நாள் சொச்சம், அதனால ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு டிகிரி நகருதுன்னு மனசுலயே கணக்கு வச்சுக்கலாம். கிரேக்கக்காரங்க அதை அப்படியே வாங்கிக்கிட்டாங்க, டாலமிங்கிற வானியல்காரர் காலத்துல அது நிலைச்சுப்போச்சு.

சரி, 100 ஏன் இல்லன்னு கேட்டீங்கள்ல. மூணு பேருக்கு 100-ஐப் பங்கு போட்டுப் பாருங்க, 33.33-ன்னு இழுக்கும். 360-ஐ மீதி இல்லாம வகுக்குற எண்ணுங்க 24 இருக்கு, 100-க்கு வெறும் 9. ரெண்டா, மூணா, நாலா, அஞ்சா, ஆறா, எட்டா, ஒம்பதா, பத்தா, பன்னெண்டா, எப்படி வெட்டினாலும் முழு எண்ணுதான். பன்னெண்டுக்குள்ள ஏழும் பதினொண்ணும் மட்டும்தான் அடங்காது.

ஆனா 100-ஐ முயற்சி பண்ணாமலும் விடல. பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல, 1790-கள்ல, மீட்டர், கிலோகிராம்னு எல்லாத்தையும் பத்து பத்தா மாத்தும்போது கோணத்தையும் விட்டுவைக்கல. செங்கோணத்துக்கு 90 இல்ல, 100. அப்போ முழு வட்டம் 400. அதுதான் கிரேட், உங்க கால்குலேட்டர்ல இருக்கிற அந்த ஜி. இதுல ஒரு அழகு இருக்கு, அதை ஒத்துக்கணும். வட துருவத்துல இருந்து நிலநடுக்கோடு வரைக்கும் உள்ள தூரத்தைக் கோடியா பிரிச்சா ஒரு மீட்டர்னுதான் அப்ப மீட்டரையே வரையறுத்தாங்க. அந்தத் தூரம் பூமியைச் சுத்தி கால் வட்டம், அதாவது 100 கிரேட், அதாவது 10,000 கிலோமீட்டர். ஒரு கிரேட் நகர்ந்தா 100 கிலோமீட்டர், கிரேட்ல நூத்துல ஒரு பங்கு நகர்ந்தா சரியா ஒரு கிலோமீட்டர்! கோணமும் தூரமும் ஒரே கணக்குல வந்து உட்கார்ந்துடுச்சு. அந்த நூத்துல ஒரு பங்குக்கு பேர் சென்டிகிரேட். ஆமா, காய்ச்சலுக்கு சொல்ற அதே சென்டிகிரேட். 1948-ல வெப்பநிலைக்கு செல்சியஸ்னு அதிகாரபூர்வமா பேர் மாத்தினப்ப இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இவ்வளவு அழகு இருந்தும் ஊர் உலகம் எடுத்துக்கல. என் கணிப்பு என்னன்னா, நாம தினமும் புழங்குற கோணம் 30, 60, 45, 90. கிரேட்ல 60 போய் 66.67 ஆகுது, 30 போய் 33.33 ஆகுது. சமபக்க முக்கோணம் வரையறதுக்கே தசமப்புள்ளி வேணும்னா யார் விரும்புவா? ஐரோப்பாவுல சில நாடுகள்ல நிலம் அளக்குறவங்க மட்டும் இன்னும் அதைக் கைவிடாம வச்சிருக்காங்க.

கேள்வி: டிகிரிக்குக் கீழ மினிட், செகண்ட்னு வருதே, கடிகாரத்தைப் பார்த்து வச்ச பேரா?

பதில்: கடிகாரத்துக்கு முன்னாடியே கோணத்துல இருந்தது. டிகிரியை அறுபதா வெட்டினா லத்தீன்ல அதுக்கு 'முதல் பொடித் துண்டு'ங்கிற மாதிரி பேர், அந்தத் துண்டை மறுபடி அறுபதா வெட்டினா 'ரெண்டாவது பொடித் துண்டு'. பொடிங்கிற சொல்லு மினிட் ஆச்சு, ரெண்டாவதுங்கிற சொல்லு செகண்ட் ஆச்சு. மணி நேரத்தையும் அதே மாதிரி வெட்டினதால அதே பேர் அங்கயும் ஒட்டிக்கிச்சு. தமிழ்ல நமக்கு இந்தத் தொல்லையே இல்ல, பாகை, கலை, விகலைன்னு கோணத்துக்கு தனியா சொல் இருக்கு, பஞ்சாங்கம் பார்க்குறவங்களுக்குத் தெரியும்.

குழப்பம் வர்ற இடம் ரெண்டு. ஒண்ணு, வானியல்காரங்க வானத்தை 24 மணியாவும் பிரிப்பாங்க, ஒரு மணிக்கு 15 டிகிரி. அங்க 'ஒரு மினிட்'டுன்னு சொன்னா அது நேர மினிட், கோணத்துல 15 கலை. ஒண்ணை இன்னொண்ணா எடுத்தா டெலஸ்கோப் வேற எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு போன்ல மேப் பார்க்குற எல்லாருக்கும் உள்ளது. 10 டிகிரி 30 மினிட்டுன்னு யாராவது எழுதிக் குடுத்தா 10.30-ன்னு டைப் பண்ணிடுறோம். தப்பு. 30 மினிட் பாதி டிகிரி, அது 10.5. அட்சரேகையில ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர். 0.2 டிகிரி தப்பிச்சுன்னா 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிப்பீங்க. ஒரு மினிட்டுக்கு 1.85 கிலோமீட்டர், அதைத்தான் கப்பல்காரங்க கடல் மைல்னு வச்சுக்கிட்டாங்க, 1929-ல 1852 மீட்டர்னு உறுதி பண்ணாங்க. கப்பல் 10 நாட் வேகம்னா மணிக்கு 10 கடல் மைல், அதாவது நேரா வடக்கே போனா மணிக்கு 10 கலை. ஒரு செகண்டுக்கு சுமார் 31 மீட்டர்.

ஒரு கலைன்னா எவ்வளவு பொடிசுன்னு பார்க்கணும்னா கண் டாக்டர் சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்துப் பலகையைப் பாருங்க. நல்ல பார்வைன்னு கணக்கு வைக்கிற வரியில எழுத்து உயரம் 6 மீட்டர் தூரத்துல இருந்து பார்த்தா 5 கலை இருக்கிற மாதிரி அச்சடிச்சிருப்பாங்க, கிட்டத்தட்ட 8.7 மில்லிமீட்டர். அந்த எழுத்தோட ஒவ்வொரு கோடும் ஒரு கலை. அதுக்கு மேல பொடிசா போனா கண்ணுக்கு ரெண்டு கோடு ஒண்ணாத் தெரியும். வானத்துல அளக்கணும்னா கையை முழுசா நீட்டி சுண்டு விரலைத் தூக்குங்க, அதோட அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. முழு நிலா அரை டிகிரிதான், அதனால சுண்டு விரலே அதை மறைச்சுடும். நம்பாதவங்க அடுத்த பௌர்ணமிக்கு செஞ்சு பாருங்க, நிலா அவ்வளவு சின்னதான்னு ஏமாந்து போவீங்க. இறுக்கிப் பிடிச்ச கைமுட்டி 10 டிகிரி.

கேள்வி: டிகிரி நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு. பதினொன்னாவது வந்ததும் திடீர்னு ரேடியன், எங்க பார்த்தாலும் பை. எதுக்கு சார் இந்த சித்திரவதை?

பதில்: தட்டு ஒண்ணு, நூல் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, படிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். தட்டோட நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் நூலை நீட்டி அந்த நீளத்துக்கு வெட்டிக்கோங்க. அதான் ஆரம். இப்ப அந்த நூலை விளிம்பு மேலயே வளைச்சு ஒட்டுங்க. நூல் ஆரம்பிச்ச இடத்துக்கும் முடிஞ்ச இடத்துக்கும் நடுவுல இருந்து கோடு போட்டா வர்ற கோணம்தான் ஒரு ரேடியன். டிகிரியில 57.3 சொச்சம். தட்டு சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும் அதே கோணம்தான் வரும். நூலைத் தொடர்ந்து வச்சுக்கிட்டே போங்க, ஆறு தடவை முழுசா வைக்கலாம், கடைசியில கால் நூலைவிடக் கொஞ்சம் அதிகமா இடம் மிச்சம் இருக்கும். மொத்தம் 6.283 நூல், அதாவது ரெண்டு பை.

இதுல கவனிங்க, ரேடியனுக்குள்ள பை கிடையாது. முழுச் சுத்து எத்தனை நூல்னு கேட்கும்போதுதான் பை வருது. பசங்க நிறைய பேர் ரேடியன்னா பை இருந்தே ஆகணும்னு நம்புறாங்க, கோணம் 2 ரேடியன்னு குடுத்தா 'பை விட்டுப்போச்சு சார்'ங்கிறாங்க. ஒண்ணும் விட்டுப்போகல, ரெண்டு நூல் நீளம், அவ்வளவுதான்.

360-ங்கிறது யாரோ உட்கார்ந்து வச்ச எண், 400-ம் அப்படித்தான். ரேடியனை யாரும் வைக்கல, வட்டத்துக்கிட்டயே அளவுகோல் கேட்டா அது எடுத்துக் குடுக்குறது இது. அதனாலதான் ஃபார்முலா எல்லாம் சட்டுனு இளைச்சுப் போகுது. வில்லோட நீளம் வேணுமா, ஆரத்தைக் கோணத்தால பெருக்கு, முடிஞ்சுது. டிகிரியில அதையே செய்ய பை, 180 ரெண்டையும் கூட்டிட்டு வரணும். சின்னக் கோணத்துக்கு சைனும் கோணமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணு, 0.1 ரேடியனுக்கு சைன் 0.0998. வகையீடுன்னு போனா சைனோட வகையீடு சுத்தமா காஸ். டிகிரியில வச்சுக்கிட்டு வகையீடு எடுங்க, ஒவ்வொரு தடவையும் 0.01745-ன்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டே வரும், ரெண்டாவது வகையீடுல அந்த வாலோட வர்க்கம். அந்த வாலை வெட்டுறதுக்குத்தான் ரேடியன். கையால வரைய, கட்ட, வெட்ட டிகிரி போதும், தாராளமா அதுலயே இருங்க. வகையீடு, தொகையீடுன்னு இறங்கினா ரேடியன் இல்லாம நடக்காது.

இந்த யோசனை 1714-லயே ரோஜர் கோட்ஸ்ங்கிற இங்கிலாந்து கணிதக்காரர்கிட்ட இருந்துச்சு, பேருதான் இல்ல. பேர் அச்சுல வந்தது 1873-ல, பெல்ஃபாஸ்ட்ல ஜேம்ஸ் தாம்சன்னு ஒரு பேராசிரியர், கெல்வின் பிரபுவோட அண்ணன், அவர் போட்ட ஒரு கேள்வித்தாள்ல. ஆக ரேடியன் பிறந்ததே பரீட்சையிலதான், உங்களுக்கு அது பிடிக்காததுல ஆச்சரியம் இல்ல.

ஆனா எனக்குப் பிடிச்ச இடம் இதுக்கும் ரொம்ப முன்னாடி. 499-ல ஆரியபட்டர் ஒரு சைன் அட்டவணை குடுத்தார், செங்கோணத்தை 24 பங்கா வெட்டி, ஒவ்வொரு பங்கும் 225 கலை. அதுல ஆரத்தோட நீளம் 3438. இது எங்க இருந்து வந்துச்சு? முழு வட்டத்துக்கு 21,600 கலை, அதை ரெண்டு பையால வகுங்க, 3437.75. புரியுதா? ஆரத்தையும் கலையிலயே அளந்திருக்கார், கோணமும் நீளமும் ஒரே அளவுல. 57.3 டிகிரியை அறுபதால பெருக்கினா வர்றதும் அதே 3438-தான், நம்ம நூல் வித்தை அப்படியே. அட்டவணையில முதல் எண்ணு என்ன தெரியுமா, 225 கலைக்கு சைன் 225. சின்னக் கோணத்துக்கு சைனும் கோணமும் ஒண்ணுன்னு மேல சொன்னேன்ல, அது அங்க முதல் வரியிலயே உட்கார்ந்திருக்கு.

கேள்வி: ரேடியனுக்கு அலகு உண்டா இல்லையா? ஒரு சார் இல்லங்கிறார், இன்னொருத்தர் எழுதலன்னா மார்க் வெட்டுறார்.

பதில்: ரெண்டு பேருமே சரி, நடுவுல மாட்டினது நீங்க. நீளத்தை நீளத்தால வகுக்குறோம், மீட்டரும் மீட்டரும் அடிபட்டுப்போகுது, மிச்சம் வெறும் எண். உலக அளவுக் கமிட்டிக்காரங்களுக்கே இதுல தடுமாற்றம் இருந்துச்சு, 1960-ல துணை அலகுன்னு தனி வகுப்பு வச்சாங்க, 1995-ல அந்த வகுப்பையே எடுத்துட்டு வழி அலகுல சேர்த்துட்டாங்க. ஆனா எழுதாம விட்டா ஆபத்து. நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா செகண்டுக்கு 50 சுத்து, அதே வேகம் செகண்டுக்கு 314 ரேடியன். வெறும் எண்ணுன்னு ரெண்டையும் அலகு இல்லாம எழுதினா எது எதுன்னு யாருக்குத் தெரியும்? எழுதிடுங்க, மார்க்கும் வரும்.

கேள்வி: 100 சதவீத ஏத்தம்னா செங்குத்துச் சுவர்தானே?

பதில்: இல்லண்ணே, 45 டிகிரிதான். 100 மீட்டர் கிடையா போனா 100 மீட்டர் ஏறுதுங்கிறதுதான் அர்த்தம். 10 சதவீதம்னா 5.7 டிகிரி. சுவருக்கு சதவீதமே சொல்ல முடியாது, கிடையா போற தூரம் பூஜ்யம்.

கேள்வி: தூரம் கண்டுபிடிக்கிற பைனாகுலர்ல உள்ள கோடு கோடா இருக்கே, அது டிகிரியா?

பதில்: பெரும்பாலும் மில். ரேடியன்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர்ல ஒரு மீட்டர் உயரம் ஒரு மில்லாத் தெரியும், அதுதான் அதோட வசதி. 2 மீட்டர் உயரமுள்ள கம்பம் 4 மில் உயரம் காட்டினா 2-ஐ 4-ஆல வகுத்து ஆயிரத்தால பெருக்குங்க, 500 மீட்டர். நியாயமா வட்டத்துக்கு 6283 மில் இருக்கணும், ஆனா அந்த எண்ணை யார் வகுக்குறதுன்னு நேட்டோ படைங்க 6400 வச்சுக்கிட்டாங்க, சோவியத்காரங்க 6000. மறுபடியும் வெட்டுறதுக்கு வசதியான எண்ணைத் தேடிப் போயாச்சு, பாபிலோனியாக்காரங்க மாதிரியே.

கேள்வி: பார்செக்ங்கிறது நேரமா, தூரமா?

பதில்: தூரம். பூமி சூரியனைச் சுத்தும்போது பக்கத்து நட்சத்திரம் லேசா இடம் மாறித் தெரியும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு விகலை மாறித் தெரிஞ்சா அந்த நட்சத்திரம் ஒரு பார்செக் தள்ளி இருக்குன்னு அர்த்தம், 3.26 ஒளியாண்டு. ஒரு விகலைன்னா ஒரு சென்டிமீட்டர் அகலப் பொருளை ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வச்சுப் பார்க்கிற கோணம். சூரியனை விட்டா நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, அதுக்கே 0.77 விகலைதான். முதல்முதலா ஒரு நட்சத்திரத்துக்கு நம்புற மாதிரி இதை அளந்தவர் பெசல்ங்கிற ஜெர்மன் வானியல்காரர், 1838-ல, மூணுல ஒரு விகலைக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு பார்செக்ல 206,265 சூரிய தூரம் அடங்கும். அந்த எண்ணு வேற எதுவும் இல்ல, ஒரு ரேடியனுக்கு எத்தனை விகலைங்கிற கணக்கு.

கேள்வி: மூணே கால் மணிக்கு ரெண்டு முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்குமா? வீட்டுல பந்தயம் கட்டியிருக்கேன்.

பதில்: தோத்துட்டீங்க. நிமிஷ முள்ளு 90 டிகிரியில நிக்கும், மணி முள்ளு அந்தக் கால் மணி நேரத்துல நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் நகர்ந்து 97.5-ல இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வர 3 மணி 16 நிமிஷம் 22 செகண்ட் வரைக்கும் காத்திருக்கணும். பந்தயப் பணத்தைக் குடுத்துடுங்க.